குளிர்மெழுகு கலந்த எண்ணெய் வண்ணத்தில் நிலக்காட்சி: பரப்பு, மெழுகு, கருவி ஆகியவற்றை எப்படித் தேர்வது?

கேள்வி: கீழ்வானம்

வணக்கம். எண்ணெய் வண்ணத்தில் நிலக்காட்சி வரைந்து பழகியவன் நான். சட்டத்தில் இழுத்துக் கட்டிய கித்தானும் பன்றிமயிர்த் தூரிகைகளும் சிறிது ஆளிவிதை எண்ணெயும் இதுவரை எனக்குப் போதுமானவையாக இருந்தன. அண்மையில் குளிர்மெழுகு, அதாவது கரைப்பானால் இளக்கிய தேன்மெழுகுப் பசை, கலந்து வரையப்பட்ட சில நிலக்காட்சிகளை நேரில் பார்த்தேன். சுரண்டி எடுத்த மேலடுக்கின் ஊடே எட்டிப்பார்க்கும் அடிநிறமும், பளபளப்பே இல்லாமல் ஒளியை உள்வாங்கிக்கொள்ளும் பரப்பும், தொலைவில் உள்ள மலைகளைக் கோடே இல்லாமல் கரைத்துவிடும் முறையும் தூரிகையால் எனக்கு ஒருபோதும் கைகூடாதவை என்பதால், இந்த முறையை ஒழுங்காகக் கற்றுக்கொள்ள விரும்புகிறேன்.

தயங்குவது பொருள்களைத் தேர்வதில்தான். கடையில் கிடைக்கும் ஆயத்த மெழுகுக் கலவைகளுக்குள் வேறுபாடு என்ன? வண்ணத்தில் எவ்வளவு மெழுகு கலக்கலாம்? என்னிடம் ஏற்கெனவே உள்ள கித்தான்களையே பயன்படுத்தலாமா, அல்லது பலகைதான் வேண்டுமா? சிலிகோன் தகடு, ரப்பர் உருளை, ஸ்குவீஜி, பலவகைக் கத்திகள் என்று கருவிகளின் பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. தொடக்கத்தில் உண்மையிலேயே வேண்டியவை எவை? கையில் இருக்கும் வண்ணக் குழாய்கள் போதுமா, அல்லது நிலக்காட்சிக்கென்று வேறு நிறங்களைச் சேர்க்க வேண்டுமா? அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில்: மரச்சட்டம்

உங்கள் கேள்விகளை நீங்கள் கேட்ட வரிசையில் அல்லாமல் பரப்பிலிருந்து தொடங்குகிறேன். பரப்பு முடிவானால்தான் மெழுகின் அளவு முடிவாகும். மெழுகின் அளவு முடிவானால்தான் எந்தக் கருவி அதில் ஓடும் என்பது தெரியும். புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். முதலில் கருவிகளை வாங்கி அடுக்கிவிட்டு, கடைசியில் கையில் கிடைத்த கித்தானில் வரைகிறார்கள்.

எண்ணெய் மட்டும் உள்ள வண்ணப்படலம் காய்ந்த பிறகும் ஓரளவு வளைந்துகொடுக்கும். மெழுகின் பங்கு கூடக்கூட அந்த நெகிழ்வு குறைகிறது. இழுத்துக் கட்டிய கித்தானோ காற்றின் ஈரப்பதத்துக்கு ஏற்பத் தளர்ந்தும் இறுகியும் கொண்டிருப்பது. விரல் பட்டாலே உள்வாங்குவது. இவை இரண்டும் சேர்ந்தால் விரிசல் வருவதற்கான வாய்ப்பு மிகுதி. கலவையில் மெழுகு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை எட்டுகிறது என்றால் வளையாத பரப்பு கட்டாயம் என்பது என் நிலைப்பாடு. அதற்குக் குறைவாகக் கலந்து, கூடவே ஆல்கிட் என்னும் விரைவில் காயும் செயற்கைப் பிசின் கூழையும் சேர்த்துக்கொண்டு கித்தானில் வரைகிறவர்கள் இருக்கிறார்கள். முடியாததில்லை, ஆனால் அழுத்தித் தேய்ப்பதும் சுரண்டுவதும் இந்த முறையின் உயிர் என்பதால், பின்புறம் தாங்குதல் இல்லாத பரப்பில் அந்த இரண்டையும் மனம் ஒப்பிச் செய்ய முடியாது.

பலகை என்றால் பிர்ச் பிளைவுட், ஹார்டுபோர்டு, எம்.டி.எஃப். ஆகிய மூன்றில் எதுவும் ஆகும். ஒருபக்கம் 60 சென்டிமீட்டரைத் தாண்டினால் பின்புறம் மரச்சட்டம் ஒட்டிய பலகையை எடுத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் நாளடைவில் கோணிவிடும். முன்புறத்துக்கு மட்டும் பூச்சு கொடுத்துவிட்டுப் பின்புறத்தை வெறுமையாக விடுவதும் கோணலுக்கு ஒரு காரணம். ஆகவே பின்புறத்துக்கும் விளிம்புகளுக்கும் ஏதேனும் ஓர் அடைப்புப் பூச்சைக் கொடுத்துவிடுங்கள். மரத்தில் இயல்பாக உள்ள சாயப்பொருள்கள் பூச்சின் ஊடே கசிந்து மேலே பழுப்பாகத் தெரிவதுண்டு. அதனால் ஜெஸ்ஸோ என்னும் வெள்ளை அடித்தளப் பூச்சுக்கு முன்பு முன்புறத்திலும் அக்ரிலிக் அடைப்புப் பூச்சு ஒன்றைப் போடுவது நல்லது.

அடுத்து ஜெஸ்ஸோ. இரண்டு அல்லது மூன்று மெல்லிய பூச்சுகள் போதும். ஒவ்வொன்றையும் காயவிட்டு, மென்மையான உப்புத்தாளால் இலேசாகத் தேய்த்துவிடுங்கள். கண்ணாடிபோல வழவழப்பாக்கிவிடக் கூடாது, ஏனென்றால் முதல் அடுக்கு பிடிக்க இடமில்லாமல் வழுக்கும். மாறாக, மிகவும் உறிஞ்சும் பரப்பாக விட்டால் வண்ணத்தில் உள்ள எண்ணெயை அது இழுத்துக்கொண்டு மேற்பரப்பைப் பொடிந்துபோகும் நிலைக்குக் கொண்டுவந்துவிடும். கடைசிப் பூச்சுக்குப் பிறகு எண்ணெய் வண்ணம் வைப்பதற்குக் குறைந்தது மூன்று நாள்கள் பொறுங்கள். தொடும்போது காய்ந்ததுபோல இருந்தாலும் உள்ளே நீர் முற்றிலும் வெளியேறியிருக்காது.

பயிற்சிக்குப் பலகையைவிடக் காகிதம் வசதி. ஆர்ச்சஸ் நிறுவனம் எண்ணெய் வண்ணத்துக்கென்றே தயாரிக்கும் 300 கிராம் காகிதத்துக்கு ஜெஸ்ஸோ தேவையில்லை. அதைப் பலகையின்மீது நான்கு பக்கமும் மாஸ்கிங் டேப்பால் ஒட்டிவிட்டால் சுரண்டுவதையும் உருட்டுவதையும் தாங்கும். டேப்பை எடுத்தபின் நேரான வெள்ளை விளிம்பும் கிடைக்கும். ஒரே தாளை டேப்பால் நான்கு சிறு கட்டங்களாகப் பிரித்து ஒரே நேரத்தில் நான்கு நிலக்காட்சிகளைத் தொடங்குங்கள். ஒன்று காய்ந்துகொண்டிருக்கும்போது இன்னொன்றில் வேலை செய்யலாம் என்பது மட்டுமல்ல, ஒரே படத்தைப் பொத்திப் பொத்திப் பாதுகாக்கும் மனநிலையும் போய்விடும். இந்த முறையில் அந்த மனநிலைதான் பெரிய தடை.

மெழுகின் அளவைப் பற்றி ஒரு வரி: கன அளவில் வண்ணமும் மெழுகும் சரிபாதி என்பதை மேல் எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள். அதைத் தாண்டினால் படலம் மென்மையாகவே இருந்துவிடும், நகக்கீறல்கூடப் பதியும். ஆயத்தக் கலவைகளைப் பற்றி என்னைவிட விவரமாகச் சொல்லக்கூடியவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

பதில்: மஞ்சள்காவி

மரச்சட்டம் ஐயா பரப்பைப் பற்றிச் சொன்னதை முழுவதும் ஏற்றுக்கொண்டு, வண்ணத்தையும் கருவியையும் நான் எடுத்துக்கொள்கிறேன்.

மெழுகு கலந்ததும் வண்ணத்துக்கு நேர்வது என்ன என்பதை முதலில் தெரிந்துகொள்வது நல்லது. அதில் நிறமி நீர்த்துப்போகிறது, பளபளப்பு மறைகிறது, ஓரளவு ஒளி ஊடுருவும் தன்மையும் வருகிறது. வெளிர் நிறங்களுக்கு இது வரம். இருண்ட நிறங்களுக்கு அவ்வளவு நல்லதல்ல. குழாயிலிருந்து வரும்போது ஆழ்ந்த கருநீலமாக இருப்பது, மெழுகோடு காய்ந்தபின் சாம்பல் பூத்ததுபோல வெளிறித் தோன்றும். பரப்பு சொரசொரப்பாகி ஒளியைச் சிதறடிப்பதே இதற்குக் காரணம். நிலக்காட்சிக்காரர்களுக்கு இந்தக் குறையே ஒரு வசதியாகவும் அமைகிறது. தொலைவில் உள்ளவை வெளிறியும் குளிர்ந்தும் மாறுபாடு குறைந்தும் தெரிய வேண்டும். அருகில் உள்ளவை ஆழமாகத் தெரிய வேண்டும். ஆகவே வானத்துக்கும் தொலைமலைகளுக்கும் சரிபாதிக்கு நெருக்கமாக மெழுகு கலக்கிறேன்; முன்புறத்து நிழல்களுக்கு மூன்றில் ஒரு பங்கோ அதற்குச் சற்றுக் குறைவாகவோ கலக்கிறேன். காற்றுவெளியின் தொலைவில் பாதியை மெழுகே வரைந்துகொடுத்துவிடுகிறது.

குழாய்களைப் பொறுத்தவரை, மாணவர் தர வண்ணங்களை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். அவற்றில் நிறமி ஏற்கெனவே குறைவு, நிரப்புப்பொருள் அதிகம். அதன்மேல் பாதியளவு மெழுகையும் சேர்த்தால் எஞ்சுவது மங்கிய சாயல்தான். நிறமிச் செறிவு மிகுந்த கலைஞர் தர வண்ணங்களில் ஆறோ ஏழோ போதும்.

என் தட்டில் நிலையாக இருப்பவை டைட்டானியம் வெள்ளை, மஞ்சள் காவி, டிரான்ஸ்பரன்ட் ஆக்சைடு ரெட், அல்ட்ராமரைன் நீலம், ரா அம்பர், இண்டியன் எல்லோ என்ற பெயரில் வரும் ஒளியூடுருவும் மஞ்சள், குவினாக்ரிடோன் சிவப்பு ஆகியவை. பச்சையைக் குழாயாக வாங்குவதில்லை. அல்ட்ராமரைனையும் மஞ்சள்களையும் வெவ்வேறு அளவில் கலந்து பெறும் பச்சைகளே இலைதழைகளுக்குப் பொருத்தமாக அமைகின்றன. தாலோ நீலமும் தாலோ பச்சையும் மிகச்சிறிய அளவிலேயே மற்ற நிறங்களை விழுங்கிவிடும். மெழுகு கலந்தாலும் அவற்றின் வலிமை அடங்குவதில்லை. வெள்ளை வாங்கும்போது குழாயின் முதுகில் உள்ள நிறமிக் குறியீட்டைப் பாருங்கள். பி.டபிள்யூ. 6 என்றால் டைட்டானியம், பி.டபிள்யூ. 4 என்றால் துத்தநாகம். டைட்டானியம் என்ற பெயரில் விற்கப்படும் பலவற்றில் துத்தநாகமும் கலந்திருக்கிறது. துத்தநாக வெள்ளை காலப்போக்கில் எண்ணெய்ப் படலத்தை முறுகச் செய்வது என்பதால், நெகிழ்வை ஏற்கெனவே இழந்துவிட்ட மெழுகுப் படலத்தில் அதைத் தவிர்ப்பதே அறிவுடைமை.

காயும் வேகத்திலும் நிறமிகளுக்குள் வேறுபாடு உண்டு. மாங்கனீசு உள்ள அம்பர்கள் விரைவாகக் காயும். குசும்பா எண்ணெயில் அரைத்த வெள்ளையும் ஐவரி கறுப்பும் மெதுவாகத்தான் காயும். அடியடுக்குகளில் அம்பரையும் காவியையும் பயன்படுத்தினால் மறுநாளோ அதற்கடுத்த நாளோ மேலே வேலையைத் தொடரலாம். அடியிலேயே வெள்ளையைத் திட்டாக வைத்தால் காத்திருக்க நேரும். அடியடுக்கு வெப்பநிறத்தில் அமைவது நிலக்காட்சிக்கு இன்னொரு வகையிலும் நல்லது. மேலே சாம்பல்நீலமோ பசுமையோ வந்து, அதைச் சுரண்டும்போது அடியிலிருந்து செங்காவி தெரிவது மண்ணையும் காய்ந்த புல்லையும் நினைவூட்டும்.

இனிக் கருவிகள். கலப்பதற்குக் கழுத்து வளைந்த பேலட் கத்தி ஒன்று. பரப்பி இழுப்பதற்கு, சமையலறையில் மாவு வழிக்கப் பயன்படும் வளையக்கூடிய சிலிகோன் தகடு ஒன்று. ஒருபக்கம் நேராகவும் மறுபக்கம் வளைவாகவும் இருந்தால் மேலும் நல்லது. மென்மையான ரப்பர் உருளை ஒன்று. சுரண்டுவதற்குப் பழைய கத்தியோ சவரத்தகடோ போதும், கோடு கீறுவதற்கு ஒரு மூங்கில் குச்சி. இவற்றோடு பட்டர் பேப்பரும் பழைய செய்தித்தாளும் இருந்தால் தொடக்கத்துக்கு வேறெதுவும் தேவையில்லை. பிரின்ஸ்டன் நிறுவனத்தின் கேட்டலிஸ்ட் வரிசையில் வரும் சிலிகோன் ஆப்புகள் நன்றாகவே இருக்கின்றன. ஆனால் சமையலறைத் தகட்டால் செய்ய முடியாத எதையும் அவற்றால் நான் செய்ததில்லை.

சிலிகோன் தகட்டை வாங்கும்போது விளிம்பை மட்டும் கூர்ந்து பாருங்கள். விளிம்பு தடித்து உருண்டிருந்தால் வண்ணம் தடிப்பாகவும் மேடுபள்ளமாகவும் படியும். மெலிந்து நேராக இருந்தால் ஒரே இழுப்பில் அமைதியான நீர்ப்பரப்பு வந்துவிடும். அடிவானக் கோடு பெரும்பாலும் தகட்டின் நேர்விளிம்பை வைத்து ஒரு முறை அழுத்தி எடுப்பதிலேயே அமைந்துவிடுகிறது. ரப்பர் உருளையின் வேலை வேறு. அது அடுக்கை மெல்லியதாக்கும். சற்றே ஒட்டும் நிலையில் உள்ள பரப்பில் உருட்டினால் வண்ணத்தைப் புள்ளிபுள்ளியாகத் தூக்கி எடுக்கும். தொலைவில் உள்ள தோப்பின் தழைக்கூட்டத்தை அந்தப் புள்ளிகளே காட்டிவிடும். செய்தித்தாளை ஈரவண்ணத்தின்மேல் விரித்து, உருளையை ஓட்டி, தாளை உரித்தெடுத்தால் மிகையான எண்ணெயும் வண்ணமும் தாளோடு வந்துவிடும். எஞ்சும் அடுக்கு மெல்லியதாகவும் சீராகவும் விரைவில் காய்வதாகவும் இருக்கும்.

கீழ்வானம் (தொடர்ச்சி)

இருவருக்கும் மிக்க நன்றி. பலகையையே எடுத்துக்கொள்வது என்று முடிவு செய்துவிட்டேன். மேலும் மூன்று ஐயங்கள். கட்டாத கித்தான் துணி நிறைய இருக்கிறது. அதைப் பலகையின்மேல் ஒட்டிப் பயன்படுத்தலாமா? இரண்டாவதாக, தேன்மெழுகைக் கரைப்பானில் கரைத்து வீட்டிலேயே கலவையைத் தயாரிப்பதாகச் சிலர் சொல்கிறார்கள். அது பரிந்துரைக்கத் தக்கதா? மூன்றாவதாக, நான் பெரும்பாலும் திறந்தவெளியில் இடத்திலேயே வரைகிறவன். இந்த முறை அதற்கு ஒத்துவருமா?

பதில்: மரச்சட்டம்

முதல் ஐயத்துக்கு மட்டும் நான் விடை சொல்கிறேன். தாராளமாக ஒட்டலாம். அமிலமற்ற பி.வி.ஏ. பசையையோ அக்ரிலிக் ஜெல்லையோ பலகை முழுவதும் சீராகப் பூசி, துணியை நடுவிலிருந்து விளிம்பு நோக்கி உருளையால் அழுத்தி, காற்றுக்குமிழி இல்லாமல் ஒட்ட வேண்டும். முற்றிலும் காய்ந்தபின் ஜெஸ்ஸோ. ஆனால் சுரண்டும்போது கத்தி துணியின் இழைமேடுகளில் மட்டும் படும், பள்ளங்களில் வண்ணம் தங்கிவிடும். அதனால் படம் முழுவதும் நெசவின் கட்டங்கள் தெரியும். சிலர் இதை விரும்பிச் செய்கிறார்கள். எனக்கு வானத்தில் கட்டம் தெரிவது பிடிப்பதில்லை.

பதில்: ஆளிவிதை

ஆயத்தக் கலவைகளைப் பற்றியும் வீட்டுத் தயாரிப்பைப் பற்றியும் சேர்த்தே சொல்லிவிடலாம். குளிர்மெழுகு என்பது தேன்மெழுகைக் கரைப்பானால் இளக்கி, அறை வெப்பத்திலேயே வெண்ணெயின் பதத்தில் இருக்கும்படி செய்த ஒரு பசைப்பொருள். மெழுகை உருக்கிச் சூடாகவே வரையும் என்காஸ்டிக் முறையோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. குளிர்மெழுகைச் சூடாக்கவே கூடாது. காம்ப்ளின் நிறுவனத்தின் கலவையில் தேன்மெழுகும் மணமற்ற கனிமக் கரைப்பானும் சிறிதளவு ஆல்கிட் பிசினும் இருக்கின்றன. டார்லண்ட்ஸ் என்ற பெயரில் வருவதில் மெழுகுகளோடு டாமர் என்னும் மரப்பிசின் சேர்ந்திருக்கிறது. பயன்பாட்டில் முன்னது சற்றுக் கெட்டியாக நின்று கத்தியின் தடத்தை அப்படியே காட்டும். பின்னது மென்மையாகப் பரவும். ஆல்கிட் உள்ளது சற்று விரைவாக இறுகுகிறது என்பதால் அடுக்கடுக்காக வேலை செய்யும் நிலக்காட்சிக்கு நான் அதையே எடுத்துக்கொள்வேன். இரண்டையும் ஒரே படத்தில் கலக்க வேண்டிய தேவை இல்லை.

வீட்டில் தயாரிப்பது முடியாத காரியமல்ல. ஆனால் அதில் இரண்டு இடர்கள் உள்ளன. தேன்மெழுகு 62 முதல் 64 பாகை செல்சியசில் உருகுகிறது. மணமற்ற கனிமக் கரைப்பான்கள் பலவற்றின் தீப்பற்று வெப்பநிலையும் ஏறத்தாழ அதே அளவில்தான் இருக்கிறது, டர்பன்டைனுக்கு இன்னும் குறைவு. அதாவது, உருகிய மெழுகில் கரைப்பானை ஊற்றும் அந்த நேரத்தில் எரியக்கூடிய ஆவி எழும்பும். அருகில் அடுப்பு இருந்தால் விளைவைச் சொல்ல வேண்டியதில்லை. செய்தே தீருவேன் என்பவர்கள் மெழுகைக் கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து மறைமுகமாக உருக்கி, அடுப்பை அணைத்து, பாத்திரத்தைத் திறந்தவெளிக்குக் கொண்டுபோய், சற்று ஆறத் தொடங்கியபின் கரைப்பானைக் கலக்க வேண்டும். இரண்டாவது இடர் தரம் சார்ந்தது. வெளுக்காத தேன்மெழுகின் மஞ்சள் சாயல் வானத்து நீலத்தைப் பச்சைப்பக்கம் தள்ளும். ஒவ்வொரு முறையும் பதமும் மாறும். முதல் சில படங்களுக்கு ஆயத்தக் கலவையையே வாங்குங்கள். பதம் கைக்குப் பழகியபின் வேண்டுமானால் சொந்தமாகச் செய்து பார்க்கலாம்.

கரைப்பான் என்று வந்துவிட்டதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மெழுகுக் கலவையிலிருந்து ஆவியாகி வெளியேறுவது கரைப்பான்தான். மணமில்லை என்பதால் ஆவியில்லை என்று பொருளல்ல. எதிரெதிரே இரண்டு சன்னல்கள் திறந்திருக்கும் அறையே வேண்டும். இந்த முறையில் விரலால் தேய்க்கும் ஆசை அடிக்கடி வரும், ஆகவே நைட்ரைல் கையுறையை மறக்காதீர்கள். ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணிகளும் காகிதங்களும் குவியலாகக் கிடந்தால் தாமாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். நீங்கள் எண்ணெய் வண்ணக்காரர் என்பதால் இது தெரிந்திருக்கும். ஆனால் குளிர்மெழுகு வேலையில் துடைப்புக் காகிதத்தின் அளவு பல மடங்காகிவிடுகிறது. செய்தித்தாளால் உரித்தெடுத்த வண்ணமெல்லாம் அந்தத் தாள்களில்தான் இருக்கிறது. நீர் நிரம்பிய, மூடியுள்ள உலோகக் கலத்தில் அவற்றைப் போட்டுவையுங்கள்.

முன்புறத்துப் பாறைக்கும் மண்ணுக்கும் சொரசொரப்பு வேண்டுமென்றால் பளிங்குத்தூளோ சலித்த நுண்மணலோ கலக்கலாம். பளிங்குத்தூள் நிறத்தை அதிகம் மாற்றாமல் கலவையைக் கெட்டியாக்கும். மணல் கத்தியின் ஓட்டத்தில் கீறல்களை உண்டாக்கும். எந்தத் தூளையும், குறிப்பாகத் தூள்நிறமியை, N95 வகை முகக்கவசம் இல்லாமல் கையாளாதீர்கள். காட்மியம் போன்ற நிறமிகளைத் தூளாகக் கையாளவே வேண்டாம். குழாயில் உள்ளதே போதும்.

மெழுகு கலந்த எண்ணெய்க் கோல்களையும் எண்ணெய் பாஸ்டல்களையும் ஒன்றென்று நினைத்து வாங்கிவிடாதீர்கள். முன்னவை காயும் எண்ணெயில் செய்யப்பட்டவை. சில நாள்களில் இறுகிவிடும், அவற்றைக் கொண்டு கிளைகளையும் வேலிகளையும் இழுக்கலாம். பின்னவை காயாத எண்ணெயில் செய்யப்பட்டவை. அடுக்குகளுக்கு நடுவில் வைத்தால் அந்த இடம் என்றென்றும் பிசுபிசுத்துக்கொண்டிருக்கும்.

பதில்: தொலைமலை

மூன்றாவது ஐயத்துக்கு வருகிறேன். திறந்தவெளிக்கு இந்த முறை ஒத்துவராது என்பதே என் கருத்து. அடுக்கு, காத்திருத்தல், சுரண்டல் என்று நாள்கணக்கில் நீளும் வேலையை மாறிக்கொண்டே இருக்கும் வெளிச்சத்தின் முன் நின்று செய்ய முடியாது. வெயிலில் மெழுகு இளகிப் பதம் தவறிவிடும். தூசியும் பூச்சியும் பரப்பில் ஒட்டிக்கொள்ளும். இடத்தில் செய்ய வேண்டியது குறிப்பெடுப்பதுதான். ஒளியும் நிழலும் எங்கே விழுகின்றன என்பதைக் கரித்துண்டாலோ பென்சிலாலோ மூன்று நான்கு அடர்த்தி நிலைகளில் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். நிறத்தைக் குவாஷ் என்னும் ஒளி ஊடுருவாத நீர்வண்ணத்திலோ சாதாரண நீர்வண்ணத்திலோ சிறு கட்டங்களாகப் பதிவு செய்யுங்கள். ஒளிப்படத்தை மட்டும் நம்பி வரையும்போது நிழல்கள் எல்லாம் ஒரே கறுப்பாகிவிடுகின்றன. மெழுகு ஏற்கெனவே இருளை வெளிறச் செய்வது என்பதால், எந்த நிழல் உண்மையிலேயே ஆழமானது என்று தெரியாமல் தவிக்க நேரும்.

மஞ்சள்காவி சொன்ன ஒன்றில் மட்டும் எனக்குச் சிறு மாறுபாடு உண்டு. தொலைவுக்கு மெழுகு மிகுதி, அருகுக்குக் குறைவு என்பது பார்வைக்கு அழகான ஏற்பாடு. ஆனால் நிலக்காட்சியில் வானம் கீழே இறங்கி மலையோடு கலக்கும், முன்புறம் அதன்மேல் ஏறி அமரும். இந்த இடங்களில் மெழுகு மிகுந்த மென்மையான அடுக்கின்மேல் மெழுகு குறைந்த இறுக்கமான அடுக்கு வந்து உட்காருகிறது. மென்மையான அடியின்மேல் இறுகிய மேலடுக்கு நிற்பது விரிசலுக்கு வழிவகுக்கும். மெழுகையும் பிசின்களையும் விருப்பம்போலக் கலந்து வரைந்த ஜோஷுவா ரெனால்ட்சின் பல படங்கள் வெடித்தும் நிறம் மாறியும் போனது ஓவிய வரலாற்றில் நன்கு தெரிந்த செய்தி. படம் முழுவதும் மெழுகின் விகிதத்தை ஏறத்தாழ ஒன்றாகவே வைத்துக்கொண்டு, நிழலின் ஆழத்தை ஒளியூடுருவும் நிறங்களை மெல்லிய அடுக்குகளாக ஏற்றுவதன் மூலம் பெறலாம் என்பது என் வழி. அல்ட்ராமரைனும் டிரான்ஸ்பரன்ட் ஆக்சைடு ரெட்டும் சேர்ந்த கலவையை இரண்டு மூன்று முறை மெலிதாக இழுத்தால், கறுப்பே இல்லாமல் போதிய இருள் வந்துவிடும்.

பதில்: மஞ்சள்காவி

தொலைமலையின் எச்சரிக்கை நியாயமானது. என் அனுபவத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் பாதிக்கும் இடைப்பட்ட வேறுபாடு, மெல்லிய அடுக்குகளில், வளையாத பலகையில், சிக்கல் தந்ததில்லை. மெழுகே இல்லாத குழாய்வண்ணத்தை மெழுகடுக்கின்மேல் தடிப்பாக வைப்பதுதான் ஆபத்து. ஆனால் தொடங்குகிறவருக்கு ஒரே விகிதம் என்பது எளிய விதி. முதலில் ஒவ்வொரு நிறத்தையும் ஒரே அளவு மெழுகோடு கலந்து தட்டில் குவியல்களாக வைத்துக்கொண்டு தொடங்குங்கள். தட்டுக்குக் கண்ணாடித் தகடு நல்லது. அடியில் நடுத்தரச் சாம்பல்நிறத் தாளை வைத்தால் நிறங்களின் அடர்த்தியைச் சரியாக மதிப்பிடலாம், காய்ந்த வண்ணத்தையும் சவரத்தகட்டால் வழித்துவிடலாம்.

கீழ்வானம்

இவ்வளவு விரிவாக விளக்கியதற்கு அனைவருக்கும் நன்றி. ஒரே விகிதத்தில் தொடங்குகிறேன். கடைசியாக ஒன்று: முடிந்த படத்துக்கு வார்னிஷ் தேவையா, கண்ணாடிச் சட்டம் போட வேண்டுமா?

பதில்: ஆளிவிதை

வார்னிஷ் வேண்டாம். எண்ணெய் காய்ந்து இறுகினாலும் அதனோடு கலந்த மெழுகு கரைப்பானில் கரையக்கூடியதாகவே இருக்கிறது. கரைப்பான் உள்ள வார்னிஷைத் தூரிகையால் தேய்த்தால் மேலடுக்கு கலங்கிவிடும். பளபளப்பு இல்லாத பரப்புக்காகவே இந்த முறையைத் தேர்ந்துவிட்டு அதன்மேல் பளபளப்பை ஏற்றுவதில் பொருளும் இல்லை. சில வாரங்கள் காயவிட்டபின் வண்ணம் கலக்காத குளிர்மெழுகை மிக மெலிதாகப் பூசி, இறுகியதும் நூல்பிரியாத மென்துணியால் மெருகேற்றினால் மங்கலும் பளபளப்புமாகத் திட்டுத்திட்டாக இருக்கும் பரப்பு ஒரே சீராகிவிடும்.

பலகையில் வரைந்ததற்குக் கண்ணாடி தேவையில்லை. விளிம்பைத் தொடாமல் சுற்றி நிற்கும் மிதவைச் சட்டம் பொருத்தமானது. காகிதத்தில் வரைந்ததற்குக் கண்ணாடி போடலாம், ஆனால் பரப்புக்கும் கண்ணாடிக்கும் நடுவில் இடைவெளிப் பட்டை கட்டாயம். எடுத்துச்செல்லும்போது குமிழித்தாளைப் படத்தின் முகத்தில் நேரடியாகச் சுற்றாதீர்கள். குமிழிகளின் வட்டங்கள் வானத்தில் பதிந்துவிடும். கிளாசின் என்னும் வழவழப்பான மெல்லிய தாளையோ சிலிகோன் பூசிய பேக்கிங் தாளையோ முதலில் வைத்து, மூலைகளுக்கு அட்டைப்பாதுகாப்புக் கொடுத்து, அதற்குமேல் சுற்றுங்கள். வெயிலில் நிறுத்திய மூடிய வாகனத்துக்குள் படத்தை விட்டுவிட்டுப் போகாதீர்கள். உருகும் வெப்பநிலைக்கு வெகு முன்பே மெழுகு இளகத் தொடங்கிவிடும்.